கரடிக்குச் செய்த கருமாதி

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் நீங்கள் அடித்த கூத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லாரி வைத்திருந்த நம் நண்பர் ஒரு மண்டையோட்டின் படத்தைப் போட்டார். பேரன் கல்வராயன் மலைக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், ஓடை மணலில் கண்டெடுத்தானாம். இது என்ன மிருகம், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். சிறுத்தை என்றார் ஒருவர். காட்டுப்பன்றி என்றார் இன்னொருவர். சிங்கம் என்று போட்டவர் பத்தாம் வகுப்பிலும் அப்படித்தான், அவரை விட்டுவிடுவோம். வாசலில் மாட்டினால் கண் திருஷ்டி போகும் என்று ஒரு அம்மணி சொல்லி, அதற்குப் பதினெட்டுப் பேர் கைதட்டல் வேறு. வேலையை விட்டு ஓய்ந்த பிறகு நாம் எல்லோருமே வக்கீலும் டாக்டரும் ஆகிவிடுகிறோம்.

அது கரடி. மேல்வரிசை முன்பல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் இரண்டு பல்லுக்கு இடம் சும்மா கிடக்கும். வீட்டில் வைக்கக் கூடாது, சட்டப்படி தப்பு. நான் இவ்வளவுதான் எழுதினேன். உனக்கு எப்படிடி தெரியும் என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எழுதுகிற கதை இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை லீவு. வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் தாத்தா, அப்பா, அம்மா, நான். அப்புறம் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன அத்தை திரும்பி வந்து எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அத்தையின் புருஷன், என் மாமா, மலையில் மரம் வெட்டப் போன கும்பலோடு போனவர் திரும்பவில்லை. கூடப் போனவர்கள், அவன் எங்களுக்கு முன்னாலேயே இறங்கிட்டானே என்றார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கிற ஓட்டல் ஒன்றில் பரோட்டா போட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். மலையில் எதுவோ அடித்துவிட்டது என்று வேறொருவர் சொன்னார். எதையும் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை.

மாமாவை எனக்குப் பிடிக்கும். ஒரு முறை நான் காய்ச்சலில் பயந்து அலறியபோது எங்கிருந்தோ கரடி முடி வாங்கிவந்து, செப்புத் தாயத்தில் அடைத்து, என் கழுத்தில் கட்டியவர் அவர்தான். சிரித்தால் மேல்வரிசையில் நடு இரண்டு பல் இருக்காது. இளவட்டமாக இருந்தபோது ஏதோ சண்டையில் போனதாம். அந்த ஓட்டை வழியாக விசில் அடிப்பார். அந்தச் செப்புத் தாயத்து வெயில் காலத்தில் நெஞ்சில் சுடும், மழைக் காலத்தில் ஜில்லென்று இருக்கும்.

அத்தையை அழைத்துப் போக மாமியார்க்காரி அடிக்கடி வருவாள். "அவன் வர்ற வரைக்கும் அவன் வூட்டப் பாக்கறது யாரு? கழுத்துல கயிறு தொங்குதில்ல? பொறந்த வூட்ல குந்திகினு இருந்தா ஊரு சிரிக்காது?" என்பாள். நியாயம் என்று ஊரில் எதைச் சொல்வார்களோ அதைத்தான் அவள் சொன்னாள். அவள் குரல் கேட்டதுமே அத்தை கொல்லைப்புறம் போய்விடுவாள். புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டே இருப்பாள். அங்கே இருந்த நாளைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவள் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடுவது நான்தான். முதுகில் கோடு கோடாகத் தழும்பு இருந்தது. பாவாடை நாடா அழுத்திய தடம் என்று நினைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

அந்த வருஷம் சித்திரையில் இலுப்பைப் பூ பொறுக்க அப்பா மலைச்சரிவுக்குப் போனார். ஊரெல்லாம் இலுப்பைப் பூ வாசம் கிறுகிறுக்க அடிக்கிற மாசம். பூ கொண்டுவரப் போனவர், தலையில் கட்டியிருந்த துண்டில் எதையோ மூட்டையாக முடிந்துகொண்டு வந்தார். ஓடைக்கரையில் ஒரு மண்டையோடும், பக்கத்தில் மக்கிப்போன பச்சைத் துண்டு ஒன்றும் கிடந்ததாம். மாமா மலைக்குப் போகும்போது பச்சைத் துண்டுதான் போட்டிருந்தார். வெளியில் செத்தவர்களின் எலும்பு ஊருக்குள் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டுத் தாத்தாவுக்கு ஆள் அனுப்பினார்.

தாத்தா போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். தாத்தா குந்தி உட்கார்ந்து மூட்டைக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"முன்பல்லு ரெண்டும் இல்ல. அவன்தான்" என்றார்.

அப்பா தயங்கினார். "மூஞ்சி நீட்டமா இருக்குதேப்பா."

"வெயிலுலயும் மழையிலயும் கெடந்தா எலும்பு இழுத்துக்காதா? எனக்கே சொல்ல வந்துட்டான். பல்லப் பாருடா, பல்ல."

தாத்தா பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பாவுக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல். அப்பன் சொன்னால் எலும்பும் இழுத்துக்கொள்ளும் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நிமிஷம் துண்டை விரித்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், மூட்டை முடிந்திருந்ததைப் பார்த்தார்கள், தாத்தா சொன்னதைக் கேட்டார்கள். அடக் கடவுளே என்றார்கள். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

புதைக்கும் முன்னால் பெண்டாட்டி குளிப்பாட்ட வேண்டும். எண்ணெய், சீயக்காய், மஞ்சள், பால். மற்ற பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். செத்தவன் கோலத்தைப் பெண்டாட்டி தவிர வேறு பெண் பார்க்கக் கூடாதாம். தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு ஆள் வேண்டும், சின்னப் பிள்ளைக்குத் தோஷம் இல்லை என்று என் கையில் செம்பைக் கொடுத்தார்கள்.

அத்தை துண்டை அவிழ்த்தாள். மண்டை மண் நிறத்தில் இருந்தது. முன்னால் நீண்டிருந்தது. கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பெரிய குழிகள். ஒரு கண்குழிக்குள் கரையான் மண் அடைத்திருந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஊத்து" என்றாள்.

ஊற்றினேன். செத்துப்போனால் எல்லோருக்கும் மூக்கு இப்படி நீண்டுவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வயசானவர்களைப் பார்த்தால் மூக்கைத்தான் பார்ப்பேன், நீள ஆரம்பித்துவிட்டதா என்று. அத்தை எண்ணெய் தேய்த்தாள், சீயக்காய் போட்டாள், கண்குழி மண்ணை விரலால் நோண்டி எடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிறகு மஞ்சள் துணியில் தானே இறுக்கிச் சுற்றி, புதுப் பானைக்குள் வைத்து வாயைக் கட்டினாள்.

மாமா வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. எம் புள்ள உசுரோட இருக்கறான், உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்றாங்களா என்று மாமியார்க்காரி கத்தினாளாம். பதினாறாம் நாள் கருமாதி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தாத்தா எடுத்தார். ஏரிக்கரையில் வைத்துக் கைம்பெண்கள் தாலியைக் கழற்றினார்கள். எங்களைப் போன்ற சிறுசுகளை அங்கே விடவில்லை. அத்தை திரும்பி வந்தபோது கழுத்தில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் பாயை விரித்துப் படுத்துப் பொழுது சாயும் வரை தூங்கினாள். பாவம், அழுது அழுது ஓய்ந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். அத்தை அழவே இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

மாமியார்க்காரி விடவில்லை. பானையைத் தோண்ட வைக்கவோ என்னவோ, எங்கள் வீட்டு ஆட்களே அவள் பிள்ளையைக் கொன்று புதைத்துவிட்டதாகப் போலீசுக்குப் போய்விட்டாள். போலீஸ் வந்து பானையைத் தோண்டி எடுத்தது. கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது மனுஷனே இல்லை, மாட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்றாராம். மாட்டு டாக்டர் கரடி என்றார். கொலைக் கேஸ் அன்றோடு போயிற்று, கரடிக் கேஸ் வந்தது. எங்களை ரேஞ்சர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

தாத்தா, அத்தை, நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் தாத்தா படி ஏறினார். மேஜைமேல் மண்டை இருந்தது. அத்தை தேய்த்த எண்ணெய் இன்னும் மினுங்கியது. ரேஞ்சர் பென்சிலால் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இது கரையான் திங்கற கரடிம்மா. உறிஞ்சறதுக்கு வசதியா நடுவுல ரெண்டு பல்லு இல்லாமலே பொறக்கும்."

"பொறக்கறப்பவேவாங்க?" என்றாள் அத்தை. அன்று அவளாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

ரேஞ்சர் தாத்தா பக்கம் திரும்பினார். "காட்டு மிருகத்தோட எலும்பு, நகம், முடி எல்லாமே சர்க்கார் சொத்து, பெரியவரே. செத்துக் கெடந்தாலும் சரி, கண்டெடுத்தா ரெண்டு நாளுக்குள்ள எங்ககிட்ட சொல்லணும். நீங்க கொண்டாந்து பொதைச்சு வச்சிருக்கீங்க. கோரைப்பல்லு வேற இல்ல, எவனோ புடுங்கியிருக்கான். தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாதுங்க. எம் மருமவன்னுதான் நெனைச்சேங்க."

ஓரத்தில் நின்ற பாரஸ்ட் கார்டு வாயைப் பொத்திச் சிரித்தார். ரேஞ்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத பாருங்க, நல்லாப் பாருங்க. இவ்வளவு நீட்டு மூஞ்சி மனுஷனுக்கு இருக்குமா? யாருகிட்ட கத வுடறீங்க? உள்ள தள்ளிடுவேன்."

தாத்தா கையை நீட்டினார். கை மண்டைக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைப் பிடித்தது. அதைத் தடவினார். பல்லைத் தேடினார்.

கார்டின் சிரிப்பு நின்றுவிட்டது. தாத்தாவுக்குக் கண் போய்விட்டது என்பது எங்களுக்கு அந்த மேஜை முன்னால்தான் தெரிந்தது. வரப்பில் பழக்கத்தில் நடந்திருக்கிறார். ஆட்டைக் குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். தட்டில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டதை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் ஒரு ஆளுக்குக் கண் போவது கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். தெரியவில்லை.

ரேஞ்சர் பேப்பர் வெயிட்டை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினார். "சரி, இவருக்குத் தெரியல. கண்ணு இருக்கறவங்க ஒருத்தருமா பாக்கல?"

"நான் பாத்தேங்க" என்றாள் அத்தை.

"நீயா?"

"குளிப்பாட்டனது நான்தாங்க. கரடின்னு தெரியாது. அவரு இல்லன்னு தெரியும். அவரு பல்லு போன எடம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதாங்க? எங்கப்பாவ வுட்ருங்க. கேசு போட்டா எம்மேல போடுங்க."

"தெரிஞ்சுமா தாலிய அறுத்துக்கினே?"

அத்தை மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வூட்டுக்கு நான் போவ மாட்டேங்க" என்றாள். அப்புறம், "கழுத்துல அது இருந்தா போயித்தான் ஆவணும்" என்றாள்.

குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லை என்று வந்து சொல்வாளே, அந்தக் குரல்தான். தாத்தா சுவரைப் பார்த்து நின்றார். ரேஞ்சர் ஒரு தாளை எடுத்தார். பிறகு, மனித எலும்பு என்று நம்பி எடுத்துவந்ததாகவும், இப்போது ஒப்படைத்துவிட்டதாகவும் எழுதித் தாத்தாவிடம் கைநாட்டு வாங்கினார். "நீ சொன்னத நான் கேக்கல. கெணத்துல போட்ட கல்லா இருக்கட்டும், போங்க" என்றார். எழுந்து திரும்பும்போதுதான் அவர் கண்ணில் என் தாயத்து பட்டது. உள்ளே என்ன என்று கேட்டார். கரடி முடி என்று பெருமையாகச் சொன்னேன். அதுவும் தப்புதான் என்று சலித்துக்கொண்டார். அத்தை குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, தாயத்தை மண்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கழுத்திலும் வெளுப்புக் கோடு விழுந்திருந்தது என்று அன்றைக்கு அம்மா சொன்னாள்.

அடுத்த வாரமே மாமியார்க்காரி வந்து நின்றாள். "கரடின்னு சர்க்காரே சொல்லிட்சு. எம் மவன் உசுரோட இருக்கறான். மறுபடி தாலியக் கட்டிகினு வந்து சேரு."

அத்தை புளி உடைப்பதை நிறுத்தவில்லை. "கழட்டன தாலிய நானா கட்டிக்க முடியும்? கட்டனவர இட்டுகினு வாங்க" என்றாள். அந்த அம்மாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

ஊரில் பழி எல்லாம் தாத்தாவுக்குத்தான். கரடியைக் காட்டிப் பெற்ற மகள் தாலியை அறுத்த கிழவன் என்று குழாயடியில் பேசினார்கள். என் அம்மாவே பேசினாள். தாத்தாவுக்கு உண்மை தெரியும், அந்த ஆபீசில் காதால் கேட்டவர்தானே. ஒருவரிடமும் சொல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டே செத்தார். கடைசி வரை அத்தைதான் அவர் கையைப் பிடித்து வயலுக்குக் கூட்டிப்போவாள்.

லாரிக்காரரே, அதனால் சொல்கிறேன். பேரனைத் திட்டாதீர்கள். நாளைக்கே கொண்டுபோய் வன அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, எங்கே கிடந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கி அவளிடம் காட்டினேன். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கோரைப்பல்லு இருக்குது இதுல" என்றாள். ஒரு கை மல்லாட்டையை உடைத்து முறத்தில் போட்டாள். பிறகு, "அவரு ஒரு தபா வந்தாரு" என்றாள்.

"யாரு?"

"உங்க மாமா. நீ பெரிய பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தே. ஏரிக்கரையில புல்லு அறுத்துகினு இருந்தேன். அந்தப் புளியமரத்தாண்டதான் நின்னாரு. பல்லு கட்டிகினு இருந்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னா சொன்னாரு?"

"வர்றியான்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

"புல்லுக்கட்டத் தூக்கி வுடுன்னேன். தூக்கி வுட்டாரு. தலையில வச்சிகினு வூட்டுக்கு வந்துட்டேன்."

"யாருகிட்டயுமே சொல்லலையா அத்தே? இத்தினி வருஷமா?"

"கண்டெடுத்தா ரெண்டு நாளுல சொல்லணும்னு அந்த ஆபீசரு சொன்னாரே, அது மிருகத்துக்குத்தானே?" என்றாள்.

முறத்தை மடியில் வைத்துத் தோலை ஊதினாள். போனை எடுத்துக்கொண்டு போ, வெளிச்சத்தை மறைக்கிறாய் என்றாள்.